கண்மாய்த் தண்ணீரும் கலாசாலைப் படிப்பும்

பார்த்திபனூரிலிருந்து கமுதிக்குப் போகும் சாலையில் அபிராமத்தைத் தாண்டினால் சிறிது தூரத்தில் ஒரு கண்மாய் உண்டு. ஆண்டில் எட்டு மாதம் வெடித்த தரையாகவும் சீமைக் கருவேலங் காடாகவும் கிடக்கும் அது, ஐப்பசி மழை பொய்க்காத வருஷங்களில், கார்த்திகை பிறக்கும்போது கலுங்கு வரை நிரம்பி, கரைமேல் போகிறவனை ஒரு கணம் நிறுத்திப் பார்க்க வைக்கும். சில வருஷங்களுக்கு முன் அப்படிப்பட்டதொரு கார்த்திகைக் காலையில், ஐந்தாறு குடும்பத்தார் கரையிலே கூடி நிற்க, இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஒரு போதகர், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டியைக் கைப்பிடித்து உள்ளே இறக்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அவளுடைய மகன் மாற்றுச் சேலையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் நின்றான். சேற்றில் கால் புதையப் புதைய வந்த அவளிடம், “தண்ணி ரொம்பக் குளிருதா ஆத்தா?” என்று போதகர் கேட்டார். “ராமேஸ்வரத்துல இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுன உடம்புய்யா இது. இது என்ன குளிரு?” என்றாள் அவள். போதகர் சற்றுத் தயங்கினார். பிறகு, “அந்தத் தீர்த்தத்துக்கு எத்தனை தடவை வேணும்னாலும் போகலாம் ஆத்தா. இதுல இறங்குறது ஒரே தடவைதான்” என்றார். “அப்பச் சரி” என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கையால் முதுகையும் மறு கையால் கூப்பிய கைகளையும் தாங்கி, அவளைப் பின்புறமாக நீரில் சாய்த்து நிமிர்த்தினார்.

அந்தப் போதகர் ஒரு நகரத்து வேதாகமக் கல்லூரியில் படித்தவர். தாம் சொன்ன பதில் அங்கே படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றும், அதைச் சொல்லிய பிறகும் அது போதுமான பதிலா என்ற ஐயம் தம்மை விடவில்லை என்றும் அன்று மாலையே என்னிடம் சொன்னார். தீர்த்தம் ஆடுவதே வாழ்வின் பெரும் பாக்கியம் என்று பல நூற்றாண்டுகளாகக் கருதிவந்த இந்தக் கடற்கரைச் சீமையில், முழுக்கையே அடையாளமாகக் கொண்ட ஒரு சபைக்குப் போதகரைத் தயாரிப்பது எப்படி, அதற்கான கலாசாலையை எங்கே, எந்தப் பாஷையில், யாருடைய பொறுப்பில் அமைப்பது என்ற கேள்வியை நான் ஆராயத் தொடங்கியது அந்த மாலையில்தான்.

பாப்டிஸ்ட் என்று வழங்கப்படும் சம்பிரதாயத்தார் குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கத்தை ஏற்பதில்லை. தன் விசுவாசத்தைத் தன் வாயாலேயே அறிக்கையிடும் பக்குவம் அடைந்தவரை முழுவதும் நீரில் அமிழ்த்தி எடுப்பதே வேதத்துக்கு இசைந்தது என்பது அவர்கள் கொள்கை. இதனோடு பிரிக்க முடியாதபடி இணைந்த இன்னொரு கொள்கையும் உண்டு. ஒவ்வோர் ஊர்ச்சபையும் தன்னைத் தானே நிர்வகித்துக்கொள்ளும். அதற்கு மேலே பேராயர் கிடையாது. கத்தோலிக்கக் குருமடத்தில் படிப்பவனை ஆயர் அனுப்புகிறார், படித்து முடித்தவனை ஆயரே ஏற்று ஒரு பங்குக்கு நியமிக்கிறார். தென்னிந்தியத் திருச்சபையிலும் ஏறத்தாழ இதுவே நடைமுறை. பாப்டிஸ்ட் மாணவனுக்கோ அனுப்புகிறவரும் அழைக்கிறவரும் சபையார்தாம். கல்லூரி தரும் பட்டம் எவ்வளவு உயர்ந்ததாயினும், ஓர் ஊரில் முப்பது குடும்பம் கூடி “இவர் எங்களுக்கு வேண்டும்” என்று சொல்லாத வரையில் அவர் போதகர் ஆவதில்லை. ஆகவே இவர்களுடைய கலாசாலை அதிகாரத்தால் நிற்பதன்று. சபைகளின் நம்பிக்கை ஒன்றினால் மட்டுமே நிற்பது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இவ்விஷயத்தின் சரித்திரத்தைப் படிக்க வேண்டும்.

அந்தச் சரித்திரம் வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள சீராம்பூரில் தொடங்குகிறது என்று சொல்வது வழக்கம். ஆனால் தமிழ் வாசகர் அதற்கு நூறு வருஷம் முன்பே தரங்கம்பாடியை நினைவுகொள்ள வேண்டும். 1706-இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு, 1716-இல் உள்ளூர் உபதேசிமாரைப் பயிற்றுவிக்க ஒரு சிறு பாடசாலையைத் தொடங்கினார். 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் என்ற தமிழர், இந்நாட்டுப் புராட்டஸ்டண்டுக் குருமாரில் முதல்வர். தரங்கம்பாடியும் சீராம்பூரும் டேனிஷ் அரசனுக்குச் சொந்தமாக இருந்த இரு சிறு பண்டகசாலை ஊர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் எல்லைக்குள் மிஷனரிகளை அனுமதிக்க மறுத்த காலத்தில், அந்த ஊர்கள் இரண்டும் அவர்களுக்குப் புகலிடமாயின. 1845-இல் டென்மார்க் அவ்விரண்டையும் ஒருசேரக் கம்பெனியாருக்கு விற்றுவிட்டது.

1793-இல் வங்காளம் வந்த வில்லியம் கேரி, இங்கிலாந்தில் செருப்புத் தைக்கும் தொழில் பழகியவர். 1800-இல் சீராம்பூரில் மார்ஷ்மன், வார்டு என்னும் இருவரோடு சேர்ந்து அவர் குடியமர்ந்தார். அவ்வருஷம் டிசம்பர் 28-ஆம் தேதி கிருஷ்ண பால் என்னும் தச்சர் ஹூக்ளியில் முழுக்குப் பெற்றார். கங்கையின் கிளையாகிய அந்நதியில் அன்றாடம் ஆயிரக்கணக்கானோர் நீராடிக்கொண்டிருந்த கரையிலேயே இது நடந்தது என்பதை, அபிராமத்துக் கண்மாயைப் பார்த்த பிறகே நான் முழுதாக உணர்ந்தேன். “இந்த நீராடல் அந்த நீராடலிலிருந்து எவ்வாறு வேறு?” என்று கரையிலிருந்த ஒருவர் கேட்டிருப்பாரானால், அதற்கு வங்காளியில் விடை சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. கேரி அச்சுக்கூடத்திலும் இலக்கணத்திலும் மொழிபெயர்ப்பிலும் தம் வாழ்நாளைச் செலவிட்டதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

1818-இல் அம்மூவரும் தொடங்கிய கல்லூரி, போதகரைத் தயாரிக்கும் செமினரி மட்டும் அன்று. ஆசியக் கிறிஸ்தவ வாலிபரும் மற்றவரும் கீழ்நாட்டு இலக்கியத்தையும் மேல்நாட்டு விஞ்ஞானத்தையும் ஒருங்கே கற்க வேண்டும் என்பது அதன் அறிக்கையில் கண்ட நோக்கம். முதல் மாணவர் 37 பேரில் 19 பேரே கிறிஸ்தவர்; ஏனையோரில் பெரும்பாலோர் ஹிந்துக்கள். சமஸ்கிருதம் படிக்காத வேதபோதகன் இந்நாட்டுப் பண்டிதர் முன்னிலையில் வாய் திறக்க முடியாது என்று கேரி கருதினார். தாய்மொழியிலேயே விஞ்ஞானம் கற்பிக்க முடியும் என்று மார்ஷ்மன் வாதாடினார். 1827-இல் டேனிஷ் மன்னர் ஆறாம் பிரெடரிக் பட்டம் வழங்கும் அதிகாரத்தைச் சாசனமாக அளித்தார். ஆனால் அச்சாசனத்தின் பேரில் முதல் இறையியல் பட்டங்கள் வழங்கப்பட்டது 1915-இல்தான். எண்பத்தெட்டு வருஷம் ஒரு பெரும் அதிகாரம் பெட்டிக்குள்ளே தூங்கியது! 1918-இல் வங்காளச் சட்டசபை இயற்றிய சீராம்பூர்க் கல்லூரிச் சட்டத்தின் மூலம் அமைந்த செனட், இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட இறையியல் கல்லூரிகளுக்குப் பட்டம் வழங்கிவருகிறது. பாப்டிஸ்டுகள் பெற்றுத் தந்த சாசனத்தின் நிழலிலேயே லுத்தரன், ஆங்கிலிகன், மெதடிஸ்ட் மாணவரெல்லாம் பட்டம் பெறுகிறார்கள். ஒரு சபைக்கென்று தொடங்கிய ஸ்தாபனம் எல்லாச் சபைகளுக்கும் பொதுவாகியதில் நான் குறை காணவில்லை. கேரியின் பரந்த நோக்கம் அங்கேயே வித்திட்டிருந்தது.

சீராம்பூரைவிட என் மனத்தை ஆழமாகத் தொட்டது ஓங்கோல். அமெரிக்க பாப்டிஸ்டுகளின் தெலுங்கு மிஷன் பல வருஷம் பலனின்றிக் கிடந்து, கைவிடப்படும் தறுவாய்க்கு வந்த ஒன்று. ஜான் கிளவ் என்பவர் அங்கே பணி செய்த காலத்தில் 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் வந்தது. பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியை அவர் ஒப்பந்தத்துக்கு எடுத்து, பட்டினி கிடந்த ஆயிரக்கணக்கானோருக்குக் கூலி கிடைக்கச் செய்தார். அரிசிக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரலாகாது என்று, பஞ்சம் நீங்கும்வரை எவருக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை எனத் தீர்மானித்தார். பஞ்சம் தணிந்தது, கூலியும் நின்றது. அதன் பிறகு வந்தவர்களை அவரால் தடுக்க முடியவில்லை. 1878 ஜூலை 3-ஆம் தேதி குண்ட்லகம்மா ஆற்றில், ஆறு தெலுங்குப் போதகர்கள் இருவர் இருவராக முறை மாற்றி நின்று, ஒரே நாளில் 2,222 பேருக்கு முழுக்குக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோல் பதனிடும் மாதிகர்.

இவ்வெண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்வோர் அதன் மறுபக்கத்தைச் சொல்வதில்லை. ஆற்றில் முழுகி எழுந்த 2,222 பேரும் மறுநாள் பல பல கிராமங்களுக்குத் திரும்பிப் போனார்கள். அங்கே அவர்களுக்கு எழுத்து கற்பிக்கவும், சாவு வீட்டிலும் கலியாண வீட்டிலும் உடன் நிற்கவும், மேல்சாதியாரோடு தகராறு வந்தால் பக்கத்தில் நிற்கவும் ஆள் வேண்டும். நெல்லூர்ச் சீமையில் ராமாபட்டணத்து பாப்டிஸ்ட் செமினரி சில வருஷங்களுக்கு முன்பே தொடங்கப்பட்டிராவிட்டால் அந்த அறுவடை என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். தெலுங்கில் நடந்த, கிராமத்தார் மனைவி மக்களோடு வந்து தங்கிப் படித்த பாடசாலை அது. ஆற்றில் நின்ற அந்த ஆறு போதகர்களும் தெலுங்கர்கள். அந்த நீரில் கிளவ் இறங்கவில்லை. செமினரி எதற்கு என்று கேட்பவருக்கு நான் காட்டும் சித்திரம் அதுதான்.

இதற்கு நேர்மாறான பாதையில் சென்றது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரி. அது பாப்டிஸ்டுகளுடையதன்று, ஆனால் அதன் கதை பாப்டிஸ்ட் கதையோடு ஓரிடத்தில் பின்னியிருக்கிறது. 1812-இல் அமெரிக்க மிஷன் போர்டார் முதல் முறையாக இந்நாட்டுக்கு அனுப்பியவர்களில் ஒருவரான அடோனிராம் ஜட்சன், கப்பலில் வேதத்தைப் படித்துக்கொண்டே வந்து, கல்கத்தாவில் முழுக்குப் பெற்று பாப்டிஸ்டாகி, 1813-இல் ரங்கூனுக்குப் போனார். அதே கூட்டத்தைச் சேர்ந்த நியூவெல் இலங்கைக்குப் போக, அவர் எழுதிய செய்தியின் பலனாக 1816-இல் யாழ்ப்பாண மிஷனும், அதிலிருந்து 1834-இல் மதுரை மிஷனும் பிறந்தன. ஜட்சன் விதைத்த சபையில் கரேன் இனத்தாருக்கென்று 1845-இல் மோல்மீனில் தொடங்கிய இறையியற் பாடசாலை, பின்னர் ரங்கூனுக்கு அருகே இன்செயினில் நிலைத்து, கரேன் மொழியிலேயே நடந்துவந்தது. ஒரே வேரில் கிளைத்த இரண்டு மரங்கள் இவை என்பதை நம்மவர் அதிகம் கவனித்ததில்லை.

வட்டுக்கோட்டையில் 1823-இல் டேனியல் பூர் தொடங்கிய செமினரியில் ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வான சாஸ்திரமும் கற்பிக்கப்பட்டன. ஆங்கிலம் கற்றவர்கள் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனார்கள். ஊர்ச்சபைக்கு வந்தவர்கள் சிலரே. 1855-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ரூபஸ் ஆண்டர்சன் என்னும் செயலாளர் இதைக் கண்டு செமினரியை மூடச் செய்தார். போதகர் பயிற்சி என்ற அளவில் அது தோற்றது உண்மை. ஆனால் அதில் படித்த சி. வை. தாமோதரம் பிள்ளை, சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகளில் ஒருவராகி, தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். அத்தோல்வி இல்லாவிட்டால் தமிழ் எவ்வளவு இழந்திருக்கும்! இருந்தாலும் கண்மாய்க் கரையில் நிற்கும் மூதாட்டிக்கு விடை சொல்ல ஆள் வேண்டும் என்ற கவலை, கலித்தொகை கிடைத்ததனால் தீர்ந்துவிடுவதில்லை.

மதுரைச் சீமையிலும் ஏறத்தாழ இதே நிகழ்ந்தது. 1842-இல் திருமங்கலத்தில் தொடங்கி 1845-இல் பசுமலைக்குப் பெயர்ந்த செமினரி, காலப்போக்கில் கலைக் கல்லூரியாக வளர்ந்தது. 1904-இல் கல்லூரி வகுப்புகள் மதுரை நகருக்குள் பெயர்ந்து இன்றைய அமெரிக்கன் கல்லூரி ஆயின. வேதபாடசாலை பசுமலையிலேயே பின்தங்கியது. பொதுக் கல்வியும் ஊழியப் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், பொதுக் கல்வி வளர்ந்து மற்றதை நிழலில் தள்ளிவிடும். சீராம்பூர், வட்டுக்கோட்டை, பசுமலை என்ற மூன்றும் இதற்குச் சாட்சி.

தமிழ்நாட்டில் பாப்டிஸ்டுகளின் வேலை தெலுங்கு நாட்டிலும் வடகிழக்கு மலைகளிலும் போலப் பெருகவில்லை. 1861-இல் இங்கிலாந்தில் அமைந்த ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனார் சென்னையிலும் சேலம் பக்கத்திலும் பணி செய்தார்கள். அவர்களில் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் கொல்லிமலை மேல் குடியேறி, மருந்தும் தச்சும் விவசாயமும் வேதமும் ஒன்றாகக் கற்பித்தார்கள். ஜெஸ்ஸி 1929-இல் காய்ச்சலில் மாண்டார். 1914-இல் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்டே பிற்காலத்தில் வேலூரில் குஷ்டரோகிகளின் கைகளைச் சஸ்திர சிகிச்சையால் மீட்ட வைத்தியர். இந்தத் தென்பகுதிக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். பாளையங்கோட்டையில் ரேனியஸ் என்னும் மிஷனரியிடம் படித்து, குரோவ்ஸ் என்பவரோடு சேர்ந்த அவர், 1840-இல் வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்டியான்பேட்டையை அமைத்தார். அன்னியச் சம்பளத்தை நாடாமல், நிலத்தில் உழைத்துக்கொண்டே உபதேசம் செய்தவர். விசுவாசியின் முழுக்கையே போதித்தவர். பாப்டிஸ்ட் என்ற பெயர் அவருக்கு இல்லை. ஆனால் ஒரு தமிழர், மிஷன் பணம் இல்லாமலே உபதேசிமாரை உருவாக்க முடியும் என்று காட்டிய முன்மாதிரி, பிற்காலத்தில் முழுக்குச் சபைகள் பெருகிய இந்நாட்டில் ஏனோ மறக்கப்பட்டுவிட்டது.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பாப்டிஸ்டுகள் அதில் சேரவில்லை. 1970-இல் அமைந்த வட இந்தியத் திருச்சபையிலோ, குழந்தை ஞானஸ்நானத்தையும் விசுவாசியின் முழுக்கையும் இரண்டையுமே ஏற்று, வடநாட்டுப் பாப்டிஸ்டுகளில் ஒரு பகுதியார் இணைந்தார்கள். இதற்கிடையே 1969-இல் மதுரை அரசரடியில் தென்னிந்தியத் திருச்சபையாரும் லுத்தரன் சபையாரும் சேர்ந்து தமிழ்நாடு இறையியல் கல்லூரியைத் தொடங்கினார்கள். தமிழில் இறையியல் கற்பிப்பதும், மாணவர் சில காலம் கல்லூரி மதிலுக்கு வெளியே, சேரிகளில் குடியிருந்து படிப்பதும் அதன் சிறப்புகள். பறட்டை என்று வழங்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு அங்கே கற்பித்து, நாட்டுப்புற மெட்டில், உழைப்பாளரின் பேச்சுத் தமிழில் வழிபாட்டுப் பாடல்களை இயற்றினார். ஒரு பாப்டிஸ்ட் பயிற்சித் திட்டத்திலிருந்து இக்கல்லூரி கொள்கையில் சில இடங்களில் மாறுபடலாம். கற்பிக்கும் முறையில் இதைவிடச் சிறந்த ஆசான் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்போது இத்தகைய ஒரு திட்டத்தை மதுரை போன்ற நகரத்தில் தொடங்க முயல்கிறவர்கள் முதலில் நிலம் வாங்குகிறார்கள், பிறகு கட்டடம், பிறகு வெளிநாட்டுப் பாடப் புத்தகம், கடைசியில் மாணவன். இவ்வரிசை தலைகீழானது. பட்டம் ஆங்கிலத்தில் இருந்தால்தான் மேற்படிப்புக்கும் வெளிநாட்டுக்கும் உதவும் என்ற வாதம் பொய்யன்று. ஆனால் ஆங்கிலத்தில் மட்டும் படித்தவன் பட்டணத்துச் சபைக்கே போவான் என்பதற்கு வட்டுக்கோட்டை 1855-இலேயே நிரூபணம் தந்துவிட்டது. முண்டு மிளகாய் பயிரிடுகிறவரும், கரிமூட்டம் போடுகிறவரும், பேரப்பிள்ளைகளை வளைகுடா வேலைக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கிற முதியவரும் வந்து உட்காரும் சபைக்கு அவன் வரமாட்டான். வந்தாலும் அவன் பேச்சு விளங்காது.

தமிழில் கற்பிக்க வேண்டுமென்றால் தமிழில் நூல் வேண்டும் என்ற பெரும் இடர்ப்பாடு எதிரே நிற்கிறது. ஞானஸ்நானம் என்ற ஒரு சொல்லையே பாருங்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் வழங்குவது அதுவே. புதிய பொது மொழிபெயர்ப்பில் திருமுழுக்கு. இப்படியொரு சொல்லின் பேரிலேயே வங்காளத்தில் பெரும் பிணக்கு எழுந்தது. கிரேக்கச் சொல்லை அமிழ்த்துதல் என்று பொருள்பட மொழிபெயர்க்க பாப்டிஸ்டுகள் வற்புறுத்த, பிரிட்டிஷ் வேதாகமச் சங்கத்தார் பண உதவியை நிறுத்த, 1840-இல் பாப்டிஸ்டுகள் தனியாக ஒரு மொழிபெயர்ப்புச் சங்கமே அமைக்க நேர்ந்தது. தமிழில் அந்தச் சண்டைக்கு அவசியமே இல்லை. ஐப்பசிக் கடைமுழுக்கும், துலா ஸ்நானமும், அக்கினி தீர்த்தமும் அறிந்த பாஷை இது. முழுக்கு என்றால் என்ன என்று தமிழனுக்கு எவரும் அகராதி எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. அச்சொல்லுக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் பொருள்களோடு புதுப் பொருளை எவ்விதம் பொருத்துவது, எவ்விதம் வேறுபடுத்துவது, வேறுபடுத்தும்போது முன்னோரின் பக்தியை இழித்துப் பேசாமல் இருப்பது எவ்விதம் என்பவையே கற்பிக்கத் தக்க பாடங்கள். இதற்குத் தேவாரம் படித்தவர் ஒருவரும் கிரேக்கம் படித்தவர் ஒருவரும் ஒரே வகுப்பில் மாணவர் முன் உட்கார வேண்டும்.

ஆகையால் வருஷத்தில் ஆறு மாதம் நகரத்தில், நல்ல நூல்நிலையத்தின் அருகே வகுப்பு. மழைக்காலம் தொடங்கிப் பொங்கல் வரை, மாணவனை அனுப்பிய சபையிலேயே, அச்சபை மூப்பர்களின் மேற்பார்வையில் வேலை என்று வகுத்துக்கொள்ளலாம். ஊர்ச்சபையே தன் போதகரை அழைக்கும் உரிமை கொண்ட பாப்டிஸ்ட் ஒழுங்குக்கு இதைவிட இயல்பான முறை வேறில்லை; கட்டணத்தில் பாதியை அச்சபை நெல்லாகவோ மிளகாயாகவோ கொடுத்தாலும் கல்லூரி ஏற்க வேண்டும். அதனால் படிப்பு ஐந்து வருஷமாக நீளட்டும். எண்பத்தெட்டு வருஷம் பட்டம் கொடாமல் பொறுத்திருந்த சீராம்பூரின் வாரிசுகளுக்கு இந்தக் கூடுதல் காலம் பெரிதல்ல.

அன்று மாலை அந்தப் போதகர் தம் வகுப்புக் குறிப்பேட்டை எனக்குக் காட்டினார். நீலக் கோடிட்ட நூறு பக்க நோட்டு. இடப்பக்கம் முழுதும் ஆங்கிலத்தில் ஆசிரியர் சொல்லி எழுதியவை, வலப்பக்கம் அங்கங்கே பென்சிலில் தமிழ்ச் சொற்கள். நான்கில் மூன்று பங்கு நிரம்பியிருந்த அந்நோட்டின் அடுத்த வெற்றுப் பக்கத்தில், மை இன்னும் சரியாகக் காயாத எழுத்தில், அன்றைய தேதியைப் போட்டு, அந்த மூதாட்டி தண்ணீரில் நின்று சொன்ன வாக்கியத்தை அவள் பேச்சுப்படியே எழுதியிருந்தார். அதன் கீழே தாம் சொன்ன பதிலை அவர் எழுதவில்லை; அரைப் பக்கம் இடம் விட்டிருந்தார்.